பிடிஎஃப் பத்திரிகைய யாரு பாதுகாப்பா?

கொழிஞ்சாம்பாறை வாசகன்: நம்ம சிற்றிதழ் இப்ப அச்சு கிடையாதுங்க, வெறும் பிடிஎஃப்தான். அச்சுல வர்றதுன்னா 1954 நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கெல்லாம் காப்பி போகும், இதுக்கு? வெளிநாட்டுல என்ன பண்றாங்க?

சித்தூர்க்காரன்: பிரிட்டன்ல 2013ல இருந்து டிஜிட்டலும் சட்டத்துல சேத்தாச்சுங்ணா. ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம், அதாவது ஃபைல்ல இருக்கறத வெச்சுக் கணக்குப் போட்ட அடையாள எண், எடுத்து வெச்சு அப்பப்ப ஒத்துப் பாப்பாங்க, ஒரு பிட்டு மாறுனாலும் மாட்டிக்கும், வேற ஊர்ல இருக்கற காப்பிய வெச்சு சரி பண்ணிருவாங்க.

வேலந்தாவளம்: ஃபைல் இருந்து என்னங்க, திறக்கணுமில்ல? ரொம்ப நாள் பாதுகாக்கறதுக்குன்னே இருக்கற பிடிஎஃப்-ஏ ஃபார்மேட்ல சேவ் பண்ணுங்க, ஃபான்ட் உள்ளயே உக்காந்துக்கும். பழைய ஃபான்ட விட்டுட்டு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு வாங்க, இல்லைனா 'அம்மா'ன்னு தேடுனா ஒண்ணும் சிக்காது.

கொழிஞ்சாம்பாறை வாசகன்: அய்யோ, பழைய இதழ் பூரா பேஜ்மேக்கர்ங்கற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்ல கெடக்குதுங்க!