ஹெலியில் (ஹெலிகாப்டரில்) வரும் புகை வாடைக்கு பில்டர் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். அம்மா 30 வருஷம் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தூள் சலிக்கிற பக்கம் நின்றவர், இப்போது ஆஸ்துமா. வளைவு ரோட்டில் வாந்தி தாங்கமாட்டார் என்று அண்ணன் காசு அனுப்பி, போன மாதம் வாடகை ஹெலியில் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். கிளம்புமுன் தரையில் நின்ற நேரமெல்லாம் மண்ணெண்ணெய் வாடை உள்ளே வந்து, அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்ஹேலரைத் தேடினார். பெரிய விமானங்களில் இருக்கும் ஹெப்பா பில்டர் தூசியைப் பிடிக்கும், வாடையைப் பிடிக்காது, அதற்குக் கரி பில்டர் வேண்டும். சின்ன ஹெலியில் பெரும்பாலும் வெளிக்காற்று அப்படியே வருகிறதாமே. அடுத்த கிளினிக்குக்கும் போகணும். ஹெலி பராமரிப்பு வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த சீட்டில் புகை குறைவு, கிளம்பும்வரை காற்றுத் துவாரத்தை மூடிவைக்கச் சொல்லலாமா, கரி வைத்த மாஸ்க் உதவுமா, தயவுசெய்து எழுதுங்கள்.