மேலத்தெரு வாரிசுகள் (குடும்ப குரூப்)

கவிதா: நிலா நாளைக்கு ஸ்கூல்ல 'தி ஹாபிட்' பத்தி மூணு நிமிஷம் பேசணுமாம். துணிச்சல், பேராசை, அப்படி ஏதோ தலைப்பு. இப்பத்தான் சொல்றா. யாராச்சும் படிச்சிருக்கீங்களா?

முரளி: படம் பார்த்தேன். தூங்கிட்டேன்

ரமணி அத்தை: சனிக்கிழமை காதுகுத்துக்கு வேன்ல எத்தனை பேர்?

சேகர் சித்தப்பா: நான் படிச்சிருக்கேன். டோல்கீன், 1937. பில்போன்னு ஒருத்தன், வேளாவேளைக்குச் சாப்பிட்டுட்டு வீட்டோட கிடந்தவன். 13 குள்ளர்களோட டிராகன்கிட்ட இருக்கிற புதையலை மீட்கப் போறான். 14ல ஒரு பங்கு அவனுக்குன்னு ஒப்பந்தம். எல்லாரும் டிராகன் முன்னாடி நின்னதைத் துணிச்சல்னு எழுதுவாங்க. நிலா அதை எழுத வேணாம். சுரங்கத்துல தனியா இறங்கறான், உள்ள அது குறட்டை விடுற சத்தம் கேக்குது, ஒரு நிமிஷம் நிக்கறான், அப்புறமும் நடக்கறான். அதான் துணிச்சல். டிராகனை அவன் இன்னும் பார்க்கவே இல்ல

முரளி: 👍

கவிதா: நிலா கேக்கிறா, அவன் கூட வந்தவங்களோட கல்லையே எடுத்து எதிராளிகிட்ட குடுத்துட்டானே, அது துரோகம் இல்லையான்னு

சேகர் சித்தப்பா: நல்ல கேள்வி. ஆர்க்கன் கல், அந்தப் புதையல்லயே பெரிய மணி. குள்ளர் தலைவன் தோரின் அதுமேல பைத்தியமா இருக்கான், டிராகன் எரிச்சதுல வீடு போய் நிக்கிற ஏரிக்கரை ஜனங்களுக்கு ஒரு காசு தரமாட்டேங்கறான். சண்டை வரக்கூடாதுன்னுதான் பில்போ கல்லைக் குடுத்தான். அதை என் பங்குல கழிச்சுக்கோங்கன்னுட்டான். இங்கயே தங்கிடுன்னு கல்லை வாங்கினவங்க சொல்லியும் ராத்திரியோட ராத்திரியா குள்ளர்கள்கிட்டயே திரும்பிப் போறான். ஓடிப்போயிருந்தா துரோகம்

முரளி: பங்குல கழிக்கறதா? நம்ம குடும்பத்துல கேள்விப்பட்டதே இல்லையே

சேகர் சித்தப்பா: தோரினும் சாகும்போது மனசு மாறி அவன்கிட்ட சமாதானம் ஆயிடறான்

முரளி: பெரியப்பாவுக்கு அப்பவும் மாறல

ரமணி அத்தை: முரளி!!

முரளி: சரி சரி

சேகர் சித்தப்பா: கடைசியில ரெண்டே சின்னப் பெட்டி, ஒண்ணு தங்கம் ஒண்ணு வெள்ளி, போதும்னு வாங்கிட்டு வீட்டுக்கு வர்றான். வந்தா, செத்துட்டான்னு நினைச்சு சாமானை ஏலம் விட்டுட்டு இருக்காங்க. சொந்தக்காரங்க வீட்டை அளந்துட்டு இருக்காங்க. வெள்ளிக் கரண்டி நிறைய திரும்பி வரவே இல்ல

ரமணி அத்தை: தம்பி, இப்ப எதுக்கு வெள்ளிப் பேச்சு?

சேகர் சித்தப்பா: கதையில இருக்குக்கா

ரமணி அத்தை: கும்பாவைச் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? அடியில அம்மா பேர் வெட்டியிருக்கே, அது எனக்குன்னு அம்மாவே குடுத்தது

முரளி: யார் முன்னாடி அத்தை?

கவிதா: ஐயோ நிறுத்துங்க. சித்தப்பா, இதையே சுருக்கி ஒரு பக்கம் அனுப்புங்க, ப்ளீஸ்

சேகர் சித்தப்பா: அனுப்பறேன். ஏரி நகரத்துத் தலைவனை விட்டுட்டேன். ஊருக்குன்னு குடுத்த தங்கத்தைத் தூக்கிட்டு ஓடி, பாழ்நிலத்துல பட்டினி கிடந்து செத்தான்

கவிதா: அவ தூங்கிட்டா சித்தப்பா

ரமணி அத்தை: கும்பாவைச் சனிக்கிழமை கொண்டு வர்றேன். பார்த்துட்டு என் கையிலயே குடுத்துடணும்