ஸ்டாண்ட் மிக்சர் வாங்கலாமா, ஹேண்ட் மிக்சரே போதுமா?

கேள்வி:
வார இறுதிகளில் கேக்கும் பிஸ்கட்டும், எப்போதாவது பிரெட்டும் வீட்டிலேயே செய்கிறேன். கையில் பிடித்துக் கலக்கும் ஹேண்ட் மிக்சரைக் கொண்டே சமாளித்து வந்த நான், இப்போது கிண்ணத்தோடு மேசைமேல் நின்று தானே கலக்கும் ஸ்டாண்ட் மிக்சர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாட் அளவு கூடுதலாக இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பதில் 1:
கேக்குக்காக மட்டும் என்றால் தேவையில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைப்பதற்கு ஹேண்ட் மிக்சரே தாராளமாகப் போதும். பெரிய கிண்ணத்தில் ஒரேயொரு முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றினால் ஸ்டாண்ட் மிக்சரின் விஸ்க் (நுரைக்க அடிக்கும் கம்பிக்கூடு) அதைச் சரியாகத் தொடாமல் போவதும் உண்டு.

பதில் 2:
பிரெட் மாவுதான் இதைத் தீர்மானிக்கும். வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்திறனே தவிர, மாவைப் பிசையும் கொக்கிக்குப் போய்ச் சேரும் முறுக்கு விசை (சுழற்றும் வலு) அன்று. ஆகவே, கியர்கள் உலோகத்தால் ஆனவையா, எவ்வளவு மாவு வரை, எந்த வேகத்தில் பிசையலாம் என்று கையேடு சொல்கிறது என்பவற்றைப் பார்த்து வாங்குங்கள். கெட்டியான மாவை அதிவேகத்தில் பிசைந்தால் மோட்டார் சூடேறுவதோடு, உராய்வினால் மாவும் சூடாகி, ஈஸ்ட் தேவைக்கு மேல் விரைந்து பொங்கிவிடும்.

பதில் 3:
நீர் சற்றுக் கூடுதலாகச் சேர்த்த மாவைப் பிசையாமலேயே 12 முதல் 18 மணி நேரம் மூடி வைத்தால் குளுட்டன் (மாவுக்கு இழுவைத்தன்மை தரும் கோதுமைப் புரதம்) வலைப்பின்னல் தானாகவே உருவாகும் என்பதால், எப்போதாவது பிரெட் செய்யும் உங்களுக்கு அதுவே போதும் என்பேன். அப்படியும் வாங்குவதென்றால், தலைப்பகுதியைச் சாய்த்துத் திறக்கும் வகை மேலேயுள்ள அலமாரியில் இடிக்காதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அளந்து பார்த்தேன், இடிக்கத்தான் செய்கிறது. முதலில் பிசையாத மாவையே முயன்று பார்க்கிறேன்.