சின்சின்வார் ஜாட்: யதுகுலக் கதைக்குச் சான்று உண்டா?

கேள்வி: ராஜஸ்தானில் பரத்பூர் ஆண்ட சின்சின்வார்கள் (ஜாட் சமூகத்தின் ஒரு கோத்திரம்) யதுகுலத்துக் கண்ணன் வழியினர் என்கிறார்களே, எதை வைத்து?

பதில் 1: பெயரிலேயே விடை இருக்கிறது. பரத்பூர்ப் பக்கம் தீக் நகர் அருகே சின்சினி என்றொரு ஊர். அந்த ஊர்ப்பெயரே கோத்திரமாகிவிட்டது. யதுகுலத் தொடர்பு ‘ஜாகா’ எனும் வம்சாவளிக்காரர்களின் ஏட்டில் வருவது. கல்வெட்டுக்கு நிகராக அதை எடுக்காதீர்கள்.

பதில் 2: அந்த ஏட்டில் தலைமுறைக்கு 25 ஆண்டு என்று பின்னோக்கி எண்ணுங்கள். 20 பெயருக்கு 500 ஆண்டுதான் தேறும். அதற்கு மேலே புராணப் பெயர்களை ஒட்டுவது எல்லா வம்சாவளியிலும் உள்ள பழக்கம், நம்மூரிலும்தான்!

பதில் 3: கைக்குப் பிடிபடுவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து. சின்சினியின் ஜாட் தலைவர் ராஜாராம் 1680களில் ஆக்ரா அருகே சிக்கந்திராவில் அக்பர் கல்லறையைச் சூறையாடினார். 1722இல் அதே கோத்திரத்துப் பதன் சிங்குக்கு, ஜாட்களின் தலைவராக, ஆம்பேர் அரசர் ஜெய்சிங்கின் அங்கீகாரம். அரபுக் குறிப்புகளில் வரும் சிந்துப் பகுதி ‘ஸுத்’துகள் (ஜாட்களுக்கு அரபியர் வழங்கிய பெயர்) பழையவர்கள்தான், ஆனால் அவர்களைச் சின்சினியோடு நேரே முடிச்சுப் போட முடியாது.