மரத்தரையில் பூனைச் சிறுநீர் வாடை: துடைத்தும் திரும்பி வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். எங்கள் பூனைக்கு 14 வயதாகிறது. படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோதுதான், அதன் பின்னால் ஒரே மூலையில் அது பலநாளாகச் சிறுநீர் கழித்து வந்திருப்பது தெரிந்தது. வார்னிஷ் பூசிய ஓக் பலகைத் தரை. சோப்பு நீராலும் பிறகு வினிகராலும் பலமுறை துடைத்தேன். காய்ந்ததும் வாடை போய்விட்டதாகத் தோன்றுகிறது. காற்றில் ஈரம் கூடும் நாளிலோ மூக்கைத் துளைக்கிறது. இரண்டு பலகைகள் சேரும் இடுக்கை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்தும் இருக்கிறது. பிளீச் ஊற்றினால் இரண்டும் தீருமா?

முதல் மறுமொழி:
தயவுசெய்து பிளீச் வேண்டாம். சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியாவுடன் அது சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு எழும். வினிகருடன் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். உங்கள் மூலையில் இரண்டுமே ஊறியிருக்கின்றன.

வினிகர் அம்மோனியாவைத் தணிக்கும், ஆனால் தண்ணீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலப் படிகங்களை அசைக்காது. அவை இடுக்குக்குள் தங்கிவிடுவதால்தான் ஈரம் பட்டதும் வாடை மீண்டும் கிளம்புகிறது. அவற்றைச் சிதைப்பதற்கென்றே, வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீருக்கான என்சைம் திரவங்கள் கிடைக்கின்றன. முதலில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிரும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள், அது நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். சோப்பு, வினிகர் எச்சம் போக வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிட்ட பின், ஊசியில்லாத சிரிஞ்சால் திரவத்தை இடுக்கில் சிறிது சிறிதாக இறக்கி, அது சீக்கிரம் காய்ந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, புட்டியில் குறித்துள்ள நேரம் முழுவதும் விட்டுவிடுங்கள். சிறுநீர் இறங்கிய ஆழம்வரை திரவமும் இறங்கினால்தான் பலன் உண்டு. அதற்காகக் குளம்போல் ஊற்றினால் பலகை உப்பிவிடும். பிறகு துணியால் ஒற்றியெடுத்து மின்விசிறியில் உலர்த்துங்கள். முழுதாக உலரும்வரை முடிவு சொல்லாதீர்கள், ஏனெனில் இடையில் வாடை கூடுவதும் உண்டு. நீராவிக் கருவியைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் மறுமொழி:
தரையைவிட எனக்குப் பூனையைப் பற்றித்தான் கவலை. இந்த வயதில் மணல்தட்டை விட்டு வேறிடம் தேடுவதற்குச் சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், மூட்டுவலி ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அதிலும் ஆண் பூனையாக இருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என்சைம் திரவத்தை இருமுறை இட்டேன். ஈரமான நாளிலும் இப்போது தரையில் முகம் வைத்து முகர்ந்தால்தான் தெரிகிறது. பூனைக்குச் சிறுநீர்த் தொற்று என்று மருத்துவர் மருந்து கொடுத்திருக்கிறார். கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் மறுமொழியாளர்:
கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. அந்தக் கறுப்பு அழுக்கு அன்று. ஓக் மரத்தில் இயற்கையாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், சிறுநீருடன் வினைபுரிந்து நிறம் மாறியிருக்கிறது. இடுக்கைத் தவிர, வார்னிஷ் இருக்கும் பரப்பின் வழியே எதுவும் எளிதில் உள்ளே இறங்காது. ஆகவே அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த துணியைச் சில மணி நேரம் போட்டு வையுங்கள். மரம் சற்று வெளுக்கக்கூடும் என்பதால் முதலில் மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். நன்றாக உலர்ந்து, வாடை அறவே இல்லை என்று உறுதியான பிறகே மீண்டும் வார்னிஷ் பூசுங்கள். அதற்குப் பிறகும் கறுப்பு ஆழமாகத் தெரிந்தால், அந்த ஒரு பலகையை மாற்றி, அடித்தளத்தில் ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி அடைத்துவிடுவதே நல்லது.