வீடியோ கேமில் நீங்கள் மிகவும் பெருமைப்படும் சாதனை எது? – அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு – கோயம்புத்தூர்

வீடியோ கேம் விளையாடி வளர்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், வெளியில் அதிகம் சொல்லிக்கொள்ளாத வெற்றி ஒன்று இருக்கும் என்று நான் நம்புகிறேன். அது உலகச் சாதனையாக இருக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுச் சிறுவன், நிண்டெண்டோவின் பழைய டெட்ரிஸ் ஆட்டத்தை 157ஆம் நிலை வரை கொண்டுசென்று, ஆட்டமே மேலே நகர முடியாமல் உறைந்து நிற்கும்படி செய்தான். மனிதர் ஒருவர் அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை என்பதால் உலகமெங்கும் செய்தியாயிற்று. நம்முடைய வெற்றிகளை எழுத யாரும் வரப்போவதில்லை. ஆகவே நாமே எழுதிவைப்போம். எந்த ஆட்டம், அதில் எந்த இடம் கடினம், அதை எப்படிக் கடந்தீர்கள் என்பவற்றை, அந்த ஆட்டத்தை ஒருபோதும் பார்த்திராதவருக்கும் விளங்கும்படி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்பினர் – திண்டுக்கல்

என்னுடைய சாதனை 2012ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு, சென்னை நீங்கலாக மற்ற மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை அப்போது பள்ளியில் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் பல வாரங்கள் ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்கும். அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. அத்தை மகன் வேலைக்குச் சென்றபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய டிவி கேம் பெட்டியும், சூப்பர் மாரியோ இருந்த ஒரு மஞ்சள் நிறக் கேசட்டும் மட்டுமே என்னிடம் இருந்தன. அந்த ஆட்டத்தின் 32 கட்டங்களையும், குறுக்குவழி எதையும் பயன்படுத்தாமல், மின்சாரம் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன் என்பதே நான் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி.

இதில் என்ன கடினம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1985இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் பாதியில் சேமித்துவைத்துக்கொள்ளும் வசதி இல்லை. மின்சாரம் போனால் எட்டாவது உலகத்தில் இருந்தாலும் மறுபடியும் முதல் உலகத்தின் முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் 1-2 கட்டத்தில், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், மேற்கூரைமீது ஏறி ஓடி, மறைந்திருக்கும் குழாய் வழியாக நான்காம் உலகத்துக்குத் தாவி, பிறகு 4-2இல் மேலே வளரும் செடிக்கொடியைப் பிடித்து ஏறி எட்டாம் உலகத்துக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படி முன்பே முடித்திருந்தேன். ஆனால் நடுவில் இருக்கும் உலகங்களைப் பார்க்காமலேயே முடித்ததை முடித்ததாக என் மனம் ஏற்கவில்லை.

ஆகவே ஓட்டத்தைத் திட்டமிட்டேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, எங்கே நின்று காத்திருக்க வேண்டும், எங்கே நிற்காமலேயே ஓடிவிடலாம் என்பதைக் குறித்துவைத்தேன். திரையில் 400 என்று தொடங்கும் கடிகாரம் உண்மையில் 400 விநாடி ஓடுவதில்லை. அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே ஒரு மணி நேரத்துக்குள் 32 கட்டங்கள் என்பது ஒவ்வொன்றிலும் அதிகம் தடுமாறாதவனுக்கு முடியக்கூடியதே. சிக்கல் உயிர்களில்தான் இருந்தது. 3-1 கட்டத்தின் இறுதிப் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையின்மீது சரியான இடத்தில் குதித்தால், அதன் ஓடு படியில் மோதி மோதித் திரும்ப, குதிக்கும்தோறும் உயிர் ஏறிக்கொண்டே போகும். அங்கே அதிக நேரம் நின்றால் மின்சார நேரம் கரையும். குறைவாக நின்றால் எட்டாம் உலகத்தில் உயிர் போதாது. எத்தனை உயிர் வரை ஏற்றிக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான் முழு ஓட்டத்திலும் மிகவும் யோசிக்க வேண்டிய இடமாக இருந்தது.

என் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். மின்சாரம் இருக்கும் நேரம் அவளுக்கும் அருமையானது. அப்படியிருந்தும் டியூப் லைட் வெளிச்சத்தில் என் பக்கத்திலேயே அமர்ந்து படித்துக்கொண்டு, ‘இருபது நிமிஷம் ஆச்சுடா’ என்று தலையை நிமிர்த்தாமலேயே சொல்லுவாள். அந்தக் குரல் இல்லாமல் அந்த ஓட்டம் நடந்திருக்காது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

4-4, 7-4 ஆகிய கோட்டைகளில் சரியான தளத்தில் ஓடாவிட்டால் அதே இடமே திரும்பத் திரும்ப வரும். நோட்டில் குறித்துவைத்த வழி கைக்குப் பழகிவிட்டிருந்ததால் அவற்றை எளிதாகக் கடந்தேன். எட்டாம் உலகத்தில் மட்டும் எந்தக் கட்டத்திலும் பாதி வழியில் மறுபடி தொடங்கும் வசதி கிடையாது; உயிர் போனால் அந்தக் கட்டத்தின் தொடக்கம்தான். 8-3இல் இரண்டிரண்டாக நின்று சுத்தியல் எறியும் ஆமைகளிடம் நான் சேர்த்துவைத்த உயிர்களில் பெரும்பகுதி போயிற்று. அவை மேலே எகிறும் கணத்தில் அடியில் புகுந்து ஓடிவிட வேண்டும்; அந்தக் கணத்துக்குக் காத்திருக்கும் பொறுமை, நேரம் குறையக் குறைய, குறைந்துகொண்டே போகும். அக்கா ஐம்பது நிமிடம் என்று சொன்னபோது 8-4இன் நீர்ப்பகுதியில் இருந்தேன். மின்விசிறியின் வேகம் சற்றுத் தளர்ந்து, படம் ஓரங்களில் சுருங்கியது. மின்னழுத்தம் குறைந்தால் அந்த டிவியில் அப்படித்தான் ஆகும். நல்லவேளையாக மின்சாரம் போகவில்லை. நாங்கள் டிராகன் என்று அழைத்த கடைசி எதிரி எறிந்த சுத்தியல்களுக்கு அடியில் ஓடிக் கோடரியைத் தொட்டேன். பாலம் அறுந்து விழுந்தது. இளவரசி நின்றிருந்தாள், பயணம் முடிந்துவிட்டது, புதிய பயணம் ஒன்றைத் தருகிறோம் என்ற வாசகம் வந்தது. அந்தப் புதிய பயணத்தில் முதல் கட்டத்துப் பழுப்பு நிற எதிரிகளுக்குப் பதிலாக நெருப்புக்கும் சாகாத வண்டுகள் வரும் என்பதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று.

உறுப்பினர் – தஞ்சாவூர்

திண்டுக்கல் நண்பரின் பதிவைப் படித்தபோது மின்வெட்டு நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த அக்காவுக்கு என் வணக்கம்.

எங்கள் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டரில் மாணவர்கள் விளையாடியது பெரும்பாலும் ஜிடிஏ வைஸ் சிட்டி. 2002இல் வந்த அந்த ஆட்டத்தில், வீட்டுமனைத் தொழில் செய்யும் ஏவரி கேரிங்டன் என்பவர் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டர் ஒன்றை ரிமோட்டில் ஓட்டிச் சென்று, நான்கு தளங்களில் நான்கு குண்டுகளை வைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு குண்டைத்தான் தூக்க முடியும். முதல் குண்டை எடுத்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கும். கட்டடத் தொழிலாளர்களும் காவலர்களும் ஹெலிகாப்டரை அடிக்க வருவார்கள்.

அந்த சென்டரில் எல்லாரும் அங்கேதான் நின்றுபோவார்கள். பீரங்கி வண்டிக்கு ‘பான்சர்’, போலீசை விரட்ட ‘லீவ்மீஅலோன்’ என்று எழுதிய காகிதம் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் இந்த வேலையில் அந்தக் காகிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஹெலிகாப்டரை நம் கைதான் ஓட்டியாக வேண்டும். ஏறவும் இறங்கவும் திரும்பவும் இடது கை விசைகள். முன்னே சாயவும் பக்கவாட்டில் சாயவும் விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கும் எண் விசைகள். இந்த எண் விசைகளைப் பற்றி அறியாததால்தான் பலரும் ஹெலிகாப்டரைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்கள். நான் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு, குண்டைத் தொடாமல், கடிகாரம் ஓடாத அந்த இடைவெளியில் கட்டடத்தின் ஒவ்வொரு படிக்கட்டையும் ஏறி இறங்கிப் பழகினேன். வழியில் நிற்பவர்களை இறக்கையால் வீழ்த்திவிட்டால் பிறகு வருவதற்கு ஆள் இருக்காது என்பதும் அப்போது புரிந்தது. குண்டை எடுத்ததும் முதலில் மேல்தளம், பிறகு படிப்படியாகக் கீழே என்று வைத்து முடித்தேன்.

அதன்பிறகு அந்த வேலை வரும்போதெல்லாம் ‘அண்ணா, இதை மட்டும் முடிச்சுக் குடுங்க’ என்று சிறுவர்கள் என்னை அழைப்பார்கள். நான் முடித்துக் கொடுத்ததில்லை. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் சிலர் என்னைவிட வேகமாக முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். என் சாதனை எது என்று கேட்டால், அதையும் சேர்த்தே சொல்வேன்.

உறுப்பினர் – சென்னை

என்னுடையது ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு உருவாக்கி, 2017இல் வெளியிட்ட ஆட்டம். அதில் வெள்ளை அரண்மனை என்ற பகுதிக்குள் ஒரு சுவருக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்ட பாதை ஒன்று இருக்கிறது. விளையாடுபவர்கள் அதைப் பாத் ஆஃப் பெயின் என்று அழைப்பார்கள். சுழலும் ரம்பச் சக்கரங்களும் முட்களும் நிறைந்த சில அறைகள். கால் வைக்க இடமே இல்லாத நீண்ட வெளிகளை, சக்கரத்தின்மீது வாளால் கீழ்நோக்கி அடித்து எழும்பி, சுவரைப் பற்றி, மறுபடி பாய்ந்து கடக்க வேண்டும். ஒரு தவறு செய்தால் கடைசியாகக் கால் ஊன்றிய தரைக்குத் திரும்பிவிடுவோம்.

அதைக் கடந்தவருக்கு ஆட்டம் எந்தக் கோப்பையும் தருவதில்லை. நிறைவு விழுக்காட்டில்கூட ஒன்றும் ஏறாது. முடிவில் இரண்டு காவலர்களை வென்றால், அரசன் நிற்பதும் அவனைக் குழந்தை ஒன்று திரும்பிப் பார்ப்பதுமான மிகச் சிறிய காட்சி வரும். அந்தக் கதையில் அந்தப் பார்வைக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை முழு ஆட்டத்தையும் விளையாடியவர்களே அறிவார்கள். கதையின் மிக முக்கியமான இடத்தை மிகக் கடினமான பாதையின் முடிவில் வைத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

குழந்தை உறங்கிய பிறகுதான் எனக்கு நேரம். சில வாரங்கள் எங்களுடன் தங்கியிருந்த என் அம்மா, ஒருநாள் பின்னால் வந்து நின்று, ‘இதை முடிச்சா என்னம்மா கிடைக்கும்?’ என்று கேட்டார். ஒன்றும் கிடைக்காது என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்த இரவுகளிலும் வந்தார். நான் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்து, ‘அந்த மூணாவது சக்கரம் மேல ஏறும்போது நீ அவசரப்படுற, அது இறங்கட்டும், அப்புறம் போ’ என்றார். வாழ்நாளில் ஒரு முறையும் கன்ட்ரோலரைத் தொடாதவர். ஆனால் நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்த கண். அவர் சொன்னபடி அரை நொடி பொறுத்துப் பாய்ந்தேன். அந்த அறையைக் கடந்தேன்.

இழந்த உயிரில் ஒன்றைச் சற்று நேரத்தில் தானாக மீட்டுத் தரும் ஹைவ்பிளட் என்ற தாயத்தை நான் அணிந்திருந்தேன். அதை அணிந்து கடப்பது குறைவானது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தாயத்து ஒரு சக்கரத்தையும் நமக்காகத் தாண்டித் தருவதில்லை. விழுந்த பிறகு மூச்சுவிட்டு நிதானிக்க இடம் தருகிறது, அவ்வளவே.

உறுப்பினர் – தஞ்சாவூர்

சென்னைத் தோழிக்கு ஒரு கேள்வி. நானும் அந்தப் பாதையில்தான் நிற்கிறேன். கீழ்நோக்கி அடிக்க முனையும்போது பல முறை பக்கவாட்டில் அடித்துவிடுகிறது. நீங்கள் விசைப்பலகையில் விளையாடினீர்களா, கன்ட்ரோலரிலா?

உறுப்பினர் – சென்னை

கன்ட்ரோலரில்தான், ஐயா. ஆனால் சுழலும் குச்சியை விட்டுவிட்டு, அதன் அருகில் உள்ள கூட்டல் குறி வடிவ திசைப் பொத்தான்களுக்கு மாறினேன். குச்சி சற்றே சாய்ந்தாலும் பக்கவாட்டு அடியாக எடுத்துக்கொள்ளும். பொத்தானில் அந்தக் குழப்பம் பெருமளவு குறையும். முதலில் ஒரே சக்கரத்தின்மீது இடம் மாறாமல் எழும்பிக்கொண்டே இருந்து பழகுங்கள், பிறகு நகருங்கள்.