புதுப்பிப்பு: முதலீட்டாளர் சந்திப்பு முடிந்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளின் குளிர்பதன அறைகளில் மின்செலவைக் குறைக்கும் எங்கள் கருவியை முதலீட்டாளரிடம் எப்படி விளக்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். "பூமியைக் காப்பதில் தொடங்காதே, கடைக்காரரின் கரண்ட் பில்லில் தொடங்கு" என்றார் ஒரு அண்ணன். அப்படியே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி மீன்கடை ஒன்றின் பில்லை முதல் பக்கத்தில் வைத்தோம். "கோடையையும் குளிர்காலத்தையும் ஒப்பிடுகிறீர்களா?" என்று உடனே கேட்டார்கள். நல்லவேளை, போன வருடத்தின் அதே மாதங்களை எடுத்திருந்தோம்.

அப்புறம்தான் கரியமிலக் கணக்கு: இங்கே மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட் மிச்சமானால் ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு குறையும். 2019இல் வந்த கார்பன் வரி, அந்த வாயுவை அதிகம் வெளியிடும் பெரிய நிறுவனங்களுக்குத்தான், எங்கள் கடைகளுக்கு நேரடியாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

பணம் இன்னும் வரவில்லை. மேலும் மூன்று கடைகளின் அளவீடு கேட்டிருக்கிறார்கள், மீட்டர் மாட்டியாகிவிட்டது. அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.